இசையின் அசைவு: குடுமியான்மலை முதல் கணிப்பொறி வரை

ஒலி என்பது பிறந்த கணத்திலேயே மறையும் இயல்புடையது. ஓவியன் தீட்டிய வண்ணம் சுவரில் நிற்கிறது. சிற்பி செதுக்கிய உருவம் கல்லில் நிற்கிறது. பாடகன் எழுப்பிய நாதமோ செவியைத் தொட்டவுடனே காற்றில் கலந்துவிடுகிறது. அதை எவ்வாறேனும் பிடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. அவ்வாசையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் 1877ஆம் ஆண்டில் எடிசன் செய்த பேசும் இயந்திரத்திலிருந்து தொடங்குவர். புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்த நாம் அவ்வளவு தாமதமாகத் தொடங்க வேண்டியதில்லை. எடிசனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் மண்ணில் ஒருவர் நாதத்தைப் பிடிக்க முயன்றிருக்கிறார். அவர் கையாண்ட கருவி உளி. அவர் எழுதிய ஏடு ஒரு மலைப்பாறை.

மின் கிதாரின் ஒலிபெருக்கியைக் கணிப்பொறிக்குள் பிடித்துவைக்கும் புது வித்தையைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். அதற்குக் குடுமியான்மலைப் பாறையை ஏன் இழுக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஏழாம் எட்டாம் நூற்றாண்டின் உளியும் இருபத்தோராம் நூற்றாண்டின் கணிப்பொறியும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. நிலையாக நிற்கும் ஒலியைப் பிடிப்பதில் இரண்டுக்கும் இடர்ப்பாடு குறைவு. ஒலி அசையத் தொடங்கும்போதுதான் இரண்டும் தடுமாறுகின்றன. அந்த அசைவின் கதையே இப்பேச்சின் பொருள்.

குடுமியான்மலை புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திருநலக்குன்றம் என்பது அதன் பழம்பெயர். மலையடியிலே சிகாநாதசுவாமி கோயிலும், பாறையைக் குடைந்தெடுத்த மேலைக்கோயில் என்னும் குகைக்கோயிலும் இருக்கின்றன. அக்குகைக்கோயிலின் பக்கத்துப் பாறைமுகத்தில் ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி அளவுள்ள பரப்பிலே பல்லவ கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. 1904ஆம் ஆண்டில் அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் இதனைக் கண்டறிந்தனர். பின்னர் பி. ஆர். பண்டார்கர் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற வெளியீட்டின் பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். இந்தியாவில் இசைக்குறிப்பைத் தாங்கி நிற்கும் பழமையான கல்வெட்டுக்களில் இதற்கு ஒப்பானது அரிது.

இதில் ஏழு பிரிவுகள் உள்ளன. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று பிரிவுக்கு ஓர் இராகமாக ஏழு இராகங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘சதுஷ்ப்ரஹார ஸ்வராகமம்’ என்ற தொடர் காணப்படுகிறது. ப்ரஹாரம் என்றால் அடித்தல் அல்லது மீட்டுதல். ஸ்வரங்கள் நந்நான்காகக் கூட்டப்பட்டிருக்கின்றன. அத்தகைய பதினாறு கூட்டங்கள் சேர்ந்து ஒரு வரியாகின்றன. ஒரு வரிக்கு அறுபத்துநான்கு ஸ்வரம். உருத்திராசாரியரின் மாணவனான பரம மாகேசுவர அரசன் ஒருவன், மாணாக்கர் நலத்திற்காக இவற்றைச் செய்தான் என்று முடிவுரை கூறுகிறது. இறுதியில் தமிழிலும் ஒரு குறிப்பு உண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்பது அதன் கருத்து. எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் பொருந்தும் என்று அதற்குப் பொருள் காண்பர். பரிவாதினி என்ற வீணையின் பெயர் இங்கும், திருமயத்திலும், மலையக்கோயிலிலும் பொறிக்கப்பட்டிருப்பது இதற்குத் துணை செய்கிறது. பரிவாதினி ஏழு தந்தியுடைய வீணை என்று அமரகோசம் கூறும்.

அவ்வரசன் யார்? முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனே என்று நெடுங்காலம் கூறிவந்தனர். அவன் கலைஞன், நாடகம் எழுதியவன், குகைக்கோயில் குடைவித்தவன். ஆதலால் அப்பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கல்வெட்டிலே மகேந்திரன் என்ற பெயர் இல்லை. இப்பகுதி அவன் ஆட்சியில் இருந்தது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் இதனைச் சற்றுப் பிற்பட்டதாகக் கருதுகின்றனர். அரசன் பெயர் மறைந்தது ஒருபுறம் இருக்கட்டும். நமது பொருளுக்கு அதனினும் முக்கியமான வேறொன்று மறைந்துவிட்டது.

கல்வெட்டை எழுதியவர் வெறும் ஏழு ஸ்வர எழுத்துக்களோடு நிற்கவில்லை. ஸட்ஜத்திற்கு ஸ, ஸி, ஸு, ஸே என நான்கு வடிவம். ரிஷபத்திற்கு ர, ரி, ரு, ரே. மற்ற ஸ்வரங்களுக்கும் இவ்வாறே. உயிரெழுத்தை மாற்றி மாற்றி, ஒரே ஸ்வரத்தின் நான்கு நிலைகளைக் குறிக்கிறார். அந்த நான்கு நிலைகள் யாவை? சுருதி பேதம் என்பர் சிலர். விரலால் தந்தியை மீட்டும் வகை என்பர் சிலர். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் முறை என்பர் வேறு சிலர். பண்டார்கர் காலத்திலிருந்து, 1979இல் இதனை விரிவாக ஆராய்ந்த ஆங்கில இசையறிஞர் விடெஸ் வரையில் பலர் முயன்றும், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விடை கிட்டவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம் என்பதும் தெரிகிறது. உயிரெழுத்தின் பொருள் மட்டும் தெரியவில்லை. பூட்டு பாறையிலே பத்திரமாக இருக்கிறது. சாவி உருத்திராசாரியரின் மாணாக்கர்களோடு போய்விட்டது.

நான் அப்பாறையின் முன்பு நின்று பார்த்திருக்கிறேன். வெயிலிலும் மழையிலும் நூற்றாண்டுகளைக் கழித்த எழுத்துக்கள் இன்னும் வரிசை குலையாமல் நிற்கின்றன. திருமயத்தின் இசைக் கல்வெட்டுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. அங்கே பின்னாளில் வேறொரு சாசனத்தைப் பொறிப்பதற்காகப் பழைய இசை எழுத்துக்கள் பெரிதும் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை சில சிதறல்களே. இசை எழுதப்பட்ட கல்லை நிலவழக்குக்கும் வரிக்கணக்குக்கும் கொடுத்துவிட்ட அக்காலத்தாரைக் குறை கூறுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாத எழுத்தை அவர்கள் ஏன் காக்க வேண்டும்?

இந்த அசைவை நம் முன்னோர் எத்தனை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் சான்று. அவர் கமகங்களைப் பதினைந்தாக வகுத்தார். அவற்றுட் சிலவற்றுக்கு வேகத்தையே இலக்கணமாகக் கொண்டார். மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் அசைவது திரிபம்; ஆறில் ஒரு பங்கு ஸ்புரிதம்; நான்கில் ஒரு பங்கு கம்பிதம்; அரை மாத்திரை லீனம்; ஒரு மாத்திரை ஆந்தோளிதம்; மூன்று மாத்திரை பிலாவிதம். ஒலி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதோடு அமையாமல், எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்பதையும் அளந்து எழுதியிருக்கிறார். அசைவுக்கு ஒரு விதி உண்டு, அவ்விதியை அளக்க இயலும் என்ற கொள்கை இங்கே துலக்கமாக நிற்கிறது. இதனை நினைவிற் கொள்க, பின்னே பயன்படும்.

குடுமியான்மலைக் கல்வெட்டு உலகுக்குத் தெரியவந்த அதே 1904ஆம் ஆண்டில், தென்கோடியில் எட்டயபுரத்திலே சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைத் தம் குடும்பத்தில் வழங்கியவாறே எழுதிவைக்க அவர் விரும்பினார். ஸ்வரத்தை மட்டும் எழுதினால் இராகம் உயிரற்றுப் போகும் என்பதை அவர் நன்கறிவார். ஆகவே ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் அமைத்து, ஸ்வர எழுத்தின் மேல் இட்டார். கம்பிதத்திற்கு அலையலையான கோடு. கல்வெட்டுக்காரரையும் தீட்சிதரையும் வேறுபடுத்துவது ஒன்றே: தீட்சிதர் தம் அடையாளங்களின் பொருளை அந்நூலிலேயே விளக்கிவைத்தார். பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்தார். தெலுங்கு எழுத்தில் வெளிவந்த அந்நூலைப் பின்னர் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்திலும் பதிப்பித்தது. இன்றும் பாடகர்கள் அதைப் புரட்டிப் பார்த்துப் பாடுகின்றனர்.

எழுத்தே இல்லாமல் அசைவைக் காத்த வழியும் ஒன்று உண்டு. அதற்கும் புதுக்கோட்டையே சான்று. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. ஒரு கையகலத் தோற்கருவி அது. வலக்கை தட்ட, இடக்கை தோலின் ஓரத்தை அழுத்த, ஒலி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாக வளைகிறது. அந்த அழுத்தத்துக்குக் குறியீடு எவரும் எழுதவில்லை. ஆயினும் அது அழியவில்லை. அவரிடம் பயின்ற புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை வாசித்தார். பழநி முத்தையா பிள்ளை பயின்றார். முத்தையா பிள்ளையின் மகன் பழநி சுப்பிரமணிய பிள்ளை பெரும்புகழ் பெற்றார். கல்லில் எழுதியும் சீடர் இல்லாமையால் ஊமையாகிப் போன இசை ஒருபுறம்; எழுதப்படாமலே சீடர் கையில் பேசிக்கொண்டிருக்கும் இசை மறுபுறம். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருப்பது சிந்திக்கத் தக்கது.

இனி இயந்திரங்களின் காலத்துக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கெய்ஸ்பெர்க் என்பவர் கௌஹர் ஜான் பாடியதை இசைத்தட்டில் பதித்தார். அதன்பின் பாட்டின் அசைவுகள் அனைத்தும், எவரும் பொருள் விளக்காமலே, தட்டில் பதிந்தன. கமகம் கமகமாகவே ஒலித்தது. அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதல்லவா? பாதி தீர்ந்தது என்றே சொல்லவேண்டும். இசைத்தட்டு ஒருநாள் பாடிய ஒரு பாட்டைக் காக்கும். அப்பாடகரின் குரலைக் கொண்டு வேறொரு பாட்டைப் பாடித் தராது. பாடியதைப் பதிவது ஒன்று. பாடும் குணத்தையே பிடிப்பது மற்றொன்று. குடுமியான்மலைக் கல்வெட்டு ஒரு கச்சேரியின் பதிவன்று. மாணவர் பயின்று, தாமே வாசிப்பதற்கான வழி. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், கணிப்பொறி இன்று செய்ய முயல்வது பழைய கல்வெட்டுக்காரரின் வேலையே என்பது விளங்கும்.

மின் கிதார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. அதன் தந்தி அதிர்வதைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கி ஸ்பீக்கரின் வழியே வெளியிடுகிறது. மற்ற ஒலிபெருக்கிகள் தம்மிடம் வந்ததை மாற்றாமல் பெரிதாக்கினாற் போதும். கிதாரின் ஒலிபெருக்கியோ தன் குணத்தையும் சேர்த்தே தரும். அதன் வால்வுகள் அளவுக்கு மீறித் தள்ளப்படும்போது ஒலியலையின் முகடு மழுங்கி, கரகரப்பான ஒரு செழுமை உண்டாகிறது. வீணைக்குக் குடம் எப்படியோ, மின் கிதாருக்கு ஒலிபெருக்கி அப்படி. குடத்தை மாற்றினால் வீணையே மாறும்.

அவ்வொலிபெருக்கிகளில் அசைவைத் தரும் அமைப்புகளும் விரைவில் சேர்க்கப்பட்டன. வானொலி நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மத்திய அலை ஒலிபரப்பில் சுமக்கும் அலையின் வீச்சு மாறுகிறது, எஃப்.எம். ஒலிபரப்பில் அதன் அதிர்வெண் மாறுகிறது. முன்னது வீச்சுப் பண்பேற்றம்; பின்னது அதிர்வெண் பண்பேற்றம். அதே செயலை நொடிக்கு நாலைந்து முறை என்ற மெதுவான அளவில் செய்தால், அலை மறைந்திருக்காமல் காதுக்கே கேட்கும். ஒலியின் அளவு கூடிக் குறைந்து துடிப்பது டிரெமோலோ. ஒலியின் உயரம் ஏறி இறங்கி நடுங்குவது வைப்ராட்டோ. நம் கம்பிதம் இரண்டாவதற்கு உறவு. ஒரு வேடிக்கை: அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட கிதாரில் உயரத்தை மாற்றும் கைப்பிடிக்கு டிரெமோலோ என்று பெயரிட்டது, அளவை மாற்றும் ஒலிபெருக்கி அமைப்புக்கு வைப்ராட்டோ என்று பெயரிட்டது. இரு பெயரும் இடம் மாறிவிட்டன. இன்றும் கிதார் கலைஞர்கள் அப்படியே வழங்குகின்றனர். ஓர் எழுத்தின் பொருள் பத்தாண்டுக்குள்ளேயே இப்படித் தடம் புரளுமானால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உயிரெழுத்துக்களைப் பற்றி வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அசைவை உண்டாக்கக் கண்ட உபாயங்கள் பலவும் சுவையானவை. 1960களின் ஃபெண்டர் ஒலிபெருக்கிகள் பலவற்றில் ஒரு சிறு நியான் விளக்கு மினுக்கும். அதன் எதிரே ஒளிக்கு ஏற்பத் தடை மாறும் துண்டொன்று இருக்கும். விளக்கு மினுக்க மினுக்க ஒலி கூடிக் குறையும். வேறு சிலவற்றில் கடைநிலை வால்வின் மின்னழுத்தத்தையே ஆட்டுவார்கள். அப்போது ஒலியின் அளவோடு கரகரப்பின் தன்மையும் மாறும். டான் லெஸ்லி என்பவர் 1940களில் ஒலி வெளிப்படும் வாயையே சுழலவிட்டார். சுழலும் ஒலி நம்மை நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்டது. கூவிக்கொண்டு வரும் இரயில் நம்மைக் கடந்தவுடன் ஒலி தாழ்வது போன்றதே இது. 1975இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் ஜாஸ் கோரஸ் ஒலிபெருக்கி, ஒரு ஸ்பீக்கரில் அசையாத ஒலியையும் மற்றொன்றில் நடுங்கும் ஒலியையும் தந்தது. அவை இரண்டும் அறையின் காற்றிலே கலந்தபோது, ஒரு கிதார் பல கிதார்களாகத் தோன்றியது.

இக்கருவிகள் கனமானவை, வால்வு கிடைப்பது அரிது, விலையும் மிகுதி. ஆகவே அவற்றின் குணத்தைக் கணிப்பொறியில் பிடித்துவைக்கும் முயற்சி தோன்றியது. எண்முறையில் ஒலியை எழுதுவது 1982இல் குறுந்தகடு வந்ததிலிருந்து பரவலாயிற்று. ஒரு நொடியின் ஒலியை 44,100 இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிப்பர். 1990களின் பிற்பகுதியில் கிதார் ஒலிபெருக்கிகளின் சுற்றமைப்பைக் கணிதத்தால் போலச் செய்யும் சிறு பெட்டிகள் வந்தன. 2011இல் ஜெர்மனியின் கெம்பர் நிறுவனம் ஒரு படி மேலே சென்றது. அதன் பெட்டி ஒலிபெருக்கிக்குள் சில சோதனை ஒலிகளை அனுப்பும்; வெளிவருவதைக் கேட்கும்; இரண்டையும் ஒப்பிட்டு அதன் குணத்தைக் கற்றுக்கொள்ளும். அண்மைக் காலத்தில் நரம்பு வலைப்பின்னல் என்னும் கணிப்பொறி முறை இதனை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. சில நிமிடம் ஒலியை அனுப்பி, வந்ததைப் பதிந்து கொடுத்தாற் போதும். ஒலிபெருக்கியின் சாயல் ஒரு சிறு கோப்பாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஆசிரியர் பாடிக்காட்ட மாணவர் திருப்பிப் பாடி, வேறுபாடு நீங்கும்வரை திருத்திக்கொள்ளும் நம் பழைய பாடமுறையே இது.

புதுக்கோட்டையில் மெல்லிசைக் குழுவொன்றில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவருடைய குரு திருவிழா மேடைகளிலெல்லாம் பயன்படுத்திய பழைய வால்வு ஒலிபெருக்கி ஒன்று அவரிடம் இருந்தது. குரு காலமாகிவிட்டார். ஒலிபெருக்கியும் இன்றோ நாளையோ என்ற நிலை. அது நிற்பதற்குள் அதன் குணத்தைக் கணிப்பொறியில் பிடித்துவிட எண்ணினார். “ஐயா, எல்லாம் அச்சாக வந்துவிட்டது. ஆனால் எங்கள் வாத்தியார் கடைசிச் சரணத்திலே நடுக்கத்துக்கான அந்தக் குமிழைத் திருகுவாரே, அது மட்டும் வரவில்லை, திருகிவிட்டுப் பிடித்தால் சேறு மாதிரிக் கலங்கிப் போகிறது” என்றார். அவர் குரலிலிருந்த வருத்தம் இயந்திரத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நடுக்கத்திலேதான் அவர் தம் குருவைக் கேட்டுவந்தார்.

அது ஏன் வரவில்லை? பிடிக்கும் முறைகள் யாவும் ஓர் எண்ணத்தின் மேல் நிற்கின்றன: ஒரே ஒலியை இன்று அனுப்பினாலும் நாளை அனுப்பினாலும் ஒலிபெருக்கி ஒரே மறுமொழி தரும் என்பதே அது. நியான் விளக்கு மினுக்கத் தொடங்கியதும் இவ்வெண்ணம் சரிந்துவிடுகிறது. விளக்கு எரியும் கணத்தில் அனுப்பிய ஒலிக்கு ஒரு மறுமொழி. அணைந்த கணத்தில் அனுப்பிய அதே ஒலிக்கு வேறு மறுமொழி. இரண்டும் சரி. கணிப்பொறி விளக்கைக் காணவில்லை. ஆதலால் இரண்டுக்கும் நடுவான ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. ஆடும் ஊஞ்சலை நெடுநேரம் ஒளி வாங்கிப் படமெடுத்தால் ஊஞ்சலும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. மங்கலான கறை ஒன்றே தெரியும். அத்தகைய கறைதான் இதுவும். ஆகவேதான் இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் அசைவுகளையெல்லாம் நிறுத்திவிட்டுப் பிடிக்கின்றனர். அசைவைப் பின்னர்த் தனியே சேர்க்கின்றனர். விளக்கு ஒலியளவை மட்டும் மாற்றும் இடத்தில் அது ஓரளவு ஒத்துவரும். வால்வின் மின்னழுத்தமே ஆடும் இடத்தில் ஒத்துவராது. அங்கே அசைவும் குணமும் பிணைந்து கிடக்கின்றன.

இதற்கு வழி கண்டவர்களும் உண்டு. பின்லாந்து நாட்டின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைட், வாலிமாக்கி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2020இல் ஒரு முறையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை அசைவையே தொழிலாகக் கொண்ட ஃபேசர், ஃப்ளாஞ்சர் என்னும் கருவிகள். பறவை கீச்சிடுவது போன்ற மிகச் சிறு ஒலிகளைத் தொடராக அக்கருவிக்குள் அனுப்பினர். ஒவ்வொரு கீச்சும் அந்தக் கணத்தில் கருவி எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது. அந்நிலைகளைக் கோர்த்தபோது அசைவின் வளைகோடு கிடைத்தது: அதன் வேகம் என்ன, வடிவம் என்ன, எங்கே தொடங்குகிறது என்பன யாவும் வெளிப்பட்டன. பின்பு கணிப்பொறிக்குப் பாடம் நடத்தும்போது, ஒலியோடு இந்த வளைகோட்டையும் சேர்த்துக் கொடுத்தனர். கலக்கம் தெளிந்தது. அசைவை ஒலியிலிருந்து பிரித்து, அதன் விதியைத் தனியே எழுதி, மறுபடியும் ஒலியோடு கூட்டினர் என்பதே இதன் சாரம்.

சார்ங்கதேவர் எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று எழுதியதும் அதுவே. எட்டயபுரத்துத் தீட்சிதர் ஸ்வரத்தின் மேல் அலைக்கோடு இட்டதும் அதுவே. குடுமியான்மலைக்காரர் உயிரெழுத்தை மாற்றியபோது கருதியதும் அத்தகைய ஒன்றாகவே இருக்கலாம். கருவிகள் மாறின, கடமை மாறவில்லை. அசையாததைப் பிடிக்க ஒரே ஓர் எழுத்துப் போதும். அசைவதைப் பிடிக்க இரண்டு வேண்டும்: அசையும் பொருள் ஒன்று, அசைவின் விதி மற்றொன்று. மூன்றாவதாக, அவ்விதியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முதல் இரண்டையும் கல்லும் கணிப்பொறியும் தரும். மூன்றாவதை அவை தாமாகத் தர இயலா.

ஓர் எல்லையையும் இங்கே கூறவேண்டும். விளக்கின் மினுக்கம் பெரும்பாலும் ஒரே சீராக வருவது. ஆகவே அதன் விதி ஒரு வளைகோட்டில் அடங்குகிறது. தோடியின் காந்தாரமோ அவ்வாறு சீராக ஆடுவதில்லை. முன்வந்த ஸ்வரம், பின்வரும் ஸ்வரம், காலப்பிரமாணம், பாடுவோரின் மனநிலை ஆகிய எல்லாவற்றுக்கும் ஏற்ப அது தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும். கஞ்சிராவின் தோலை அழுத்தும் இடக்கையும் அத்தகையதே. அங்கே விதி எழுதுவதற்கு இன்னும் நெடுந்தொலைவு உண்டு. அதனால்தான் குருவின் எதிரே அமர்ந்து பயிலும் வழக்கம் கணிப்பொறிக் காலத்திலும் தேவையற்றதாகிவிடவில்லை.

என்னைக் காண வந்த இளைஞருக்கு நான் கூறியது எளிய வழியே. அசைவை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பு குமிழை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்து, பத்து நொடியில் எத்தனை துடிப்பு என்று எண்ணிக் குறியுங்கள். துடிப்பு மெல்ல எழுந்து மெல்ல விழுகிறதா, சட்டென வெட்டுகிறதா என்று அலைவடிவத்தைப் பார்த்து எழுதுங்கள். துடிப்பின் உச்சியில் கரகரப்பு மாறுகிறதா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் உங்கள் குரு அக்குமிழைத் திருகுவார் என்பதையும் எழுதுங்கள். ஏனெனில் எந்த இயந்திரமும் அதை அறியாது. அந்தக் குறிப்பை நல்ல தமிழில், தாளில், கோப்போடு சேர்த்து வையுங்கள். கோப்பைப் படிக்கும் பெட்டி இருபது ஆண்டில் கடையை விட்டுப் போகலாம், எழுத்து நிற்கும். யாவற்றுக்கும் மேலாக, உங்களினும் இளையவர் ஒருவரை அருகே அமர்த்திக்கொண்டு இவ்வளவையும் செய்யுங்கள்.

குடுமியான்மலையில் ஒரு பேராசிரியரின் பெயரும், அவர் மாணவனான அரசனின் பக்தியும், பயிலப்போகும் மாணாக்கர்மேல் அவன் கொண்ட அன்பும் கல்லில் நிற்கின்றன. அவர் கற்பித்த நான்கு உயிரெழுத்துக்களின் பொருள் என்ன என்று அவருடைய கடைசி மாணவரை யாரேனும் ஒருவர் கேட்டு, பக்கத்துப் பாறையில் நான்கே வரி எழுதிவைத்திருந்தால், பரிவாதினியின் இசையை அறிய நாம் இத்தனை ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்திராது. அந்த நான்கு வரியை எழுதும் வாய்ப்பு அன்றைக்கு அவர்களுக்கு இருந்தது. நம் காலத்து ஒலிகளைப் பொறுத்தவரையில் அந்த வாய்ப்பு இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது.